அமெரிக்க அவுட்பேஷன்ட் கோடிங்: அப்டேட்டைத் தேதியோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான எண்களாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அக்டோபரும் ஜனவரியும் வயிற்றைக் கலக்கும் மாதங்கள். நீளமான எக்ஸெல் ஷீட் ஒன்று மெயிலில் வந்து விழும். "அப்டேட் படிச்சாச்சா?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். சிகிச்சைக் கோட்களான சிபிடியின் 2026 பதிப்பில் மட்டும் 288 புதிய கோட்கள், 84 நீக்கங்கள், 46 திருத்தங்கள். நோய்க் கோட்களான ஐசிடி-10-சிஎம்மில் 2026 நிதியாண்டுக்கு 487 புதிய கோட்கள். இதையெல்லாம் உருப்போட உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

உருப்போட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு கோடும் ஒரு குறிப்பிட்ட நாளில் அமலுக்கு வருகிறது, ஒரு குறிப்பிட்ட நாளில் காலாவதியாகிறது. நோயாளிக்குச் சேவை தரப்பட்ட நாளன்று எந்தக் கோட் உயிரோடு இருந்தது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, பேயர், அதாவது பணம் தரும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அல்லது அரசுத் திட்டம், அந்தக் கோடை ஏற்கிறாரா என்று பார்ப்பது. இந்த இரண்டையும் எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

படி 1: யாருடைய பில் இது?

அவுட்பேஷன்ட் (உள்நோயாளியாகச் சேராமல் பெறும் சிகிச்சை) என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. டாக்டர் தன் உழைப்புக்குப் போடும் புரொஃபஷனல் பில் சிஎம்எஸ்-1500 படிவத்தில் போகும். எலக்ட்ரானிக் வடிவத்தில் அதன் பெயர் 837பி. மருத்துவமனை தன் அறை, நர்ஸ், கருவிகளுக்குப் போடும் ஃபெசிலிட்டி பில் யூபி-04 படிவத்தில் போகும், அது 837ஐ. முதலாவதற்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) பணம் தருவது பிசிஷியன் ஃபீ ஷெட்யூல் என்ற கட்டணப் பட்டியல் படி. இரண்டாவதற்கு 2000 ஆகஸ்டில் தொடங்கிய ஓபிபிஎஸ் என்ற மருத்துவமனை அவுட்பேஷன்ட் கட்டண முறைப்படி.

மருத்துவமனைக்குச் சொந்தமான கிளினிக்குக்கு வரும் மெடிகேர் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விசிட்டுக்கு இரண்டு கிளெயிம், அதாவது பணம் கேட்கும் பில், கிளம்பும். டாக்டர் பக்கம் 99214 போன்ற விசிட் கோட் போகும். சேவை நடந்த இடத்தைச் சொல்லும் பிளேஸ் ஆஃப் சர்வீஸ் எண் 11 (டாக்டரின் சொந்த கிளினிக்) அல்ல, 19 அல்லது 22 (மருத்துவமனையின் அவுட்பேஷன்ட் பிரிவு). மருத்துவமனை பக்கம் அதே விசிட்டுக்கு ஜி0463. இது தெரியாமல் அப்டேட்டைப் படித்தால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களில் நேரம் போய்விடும். ஐசிடி-10-பிசிஎஸ் புத்தகத்தை மூடியே வைக்கலாம். அது மருத்துவமனையின் இன்பேஷன்ட் கிளெயிமுக்கு மட்டும்.

படி 2: நான்கு நாட்காட்டிகள்

நோய்க்கான கோட், அதாவது ஐசிடி-10-சிஎம், ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறும். சில ஆண்டுகளாக ஏப்ரல் 1 அன்றும் சின்ன அப்டேட் வருகிறது. "2026 ஐசிடி" என்றால் 2025 அக்டோபரில் தொடங்குவது. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

செய்த சிகிச்சைக்கான கோட் சிபிடி. அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் வெளியிடுவது, ஜனவரி 1 அன்று மாறும். புதிய தொழில்நுட்பங்களுக்கான கேட்டகரி 3 கோட்கள் ஜூலை 1 அன்றும் நடைமுறைக்கு வரும். மருந்து, கருவி, மெடிகேரின் சொந்த ஜி கோட்கள் எல்லாம் அடங்கிய ஹிக்பிக்ஸ் லெவல் 2 காலாண்டுக்கு ஒருமுறை மாறும். எந்த இரண்டு கோட்களைச் சேர்த்து பில் செய்யக்கூடாது என்று சொல்லும் என்சிசிஐ எடிட்களும் அப்படியே: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்.

இவற்றுக்கு மேலே பண விதிகள். ஃபீ ஷெட்யூல், ஓபிபிஎஸ் இரண்டுக்கும் வரைவு விதி அமெரிக்கக் கோடையில் வரும். இறுதி விதி பெரும்பாலும் நவம்பரில் வரும். ஜனவரி 1 முதல் அமல். வரைவைப் படித்துவிட்டு அதையே விதி என்று டீமில் பரப்புகிறவர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். இறுதி விதி வரும்வரை வரைவு வெறும் உத்தேசம்தான்.

படி 3: எப்போதும் சேவை நாள்

கிளெயிமை எந்த நாளில் அனுப்புகிறீர்கள் என்பது முக்கியமே இல்லை. டிசம்பர் 29 அன்று பார்த்த நோயாளியின் சார்ட் (டாக்டர் எழுதிய மருத்துவக் குறிப்பு) ஜனவரி 10 அன்று உங்கள் கைக்கு வந்தாலும் பழைய ஆண்டின் சிபிடிதான். ஒரு காலத்தில் 90 நாள் சலுகைக் காலம் இருந்தது. பழைய கோட் போட்டாலும் ஏற்றுக்கொண்டார்கள். 2004 அக்டோபரில் ஐசிடிக்கும் 2005 ஜனவரியில் சிபிடி, ஹிக்பிக்ஸ் இரண்டுக்கும் அதை எடுத்துவிட்டார்கள். இன்று ஒரு நாள் தள்ளிப்போனாலும் டினையல், அதாவது பணம் மறுப்புதான்.

ஓர் உதாரணம். உடல்பருமனுக்கு 2024 அக்டோபர் 1 முதல் வகுப்பு வாரியாகக் கோட் வந்தது: வகுப்பு 1-க்கு இ66.811, வகுப்பு 2-க்கு இ66.812, வகுப்பு 3-க்கு இ66.813. பலரும் இந்த மூன்றைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். ஆனால் அதன் தாய்க் கோடான இ66.8 அன்றோடு தனியாகப் போட முடியாததாகிவிட்டது. கிளைகள் முளைத்தால் தாய்க் கோட் செல்லாது. புதிய கோடைப் பார்க்கும்போதெல்லாம், "இது எதை உடைத்துக்கொண்டு வந்தது?" என்று கேட்டுப் பழகுங்கள்.

இன்னொன்று, இ11.ஏ. டைப் 2 சர்க்கரை நோய் அடங்கிய நிலையில், அதாவது ரெமிஷனில், இருப்பதற்கான கோட். 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது; செப்டம்பர் 30 சார்ட்டில் போட முடியாது. அக்டோபர் சார்ட்டாக இருந்தாலும் டாக்டர் "ரெமிஷன்" என்று எழுதியிருக்க வேண்டும். ஹெச்பிஏ1சி அளவு நன்றாக இருக்கிறதே, மாத்திரையும் நிறுத்திவிட்டார்களே என்று கோடர் தானாக முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்புங்கள்.

கோட் தேடித் தரும் என்கோடர் மென்பொருளில் தேதிக் கட்டம் ஒன்று இருக்கும். பல மென்பொருட்களில் அது இன்றைய தேதியோடுதான் திறக்கும். பழைய சார்ட் கோட் செய்யும்போது முதலில் கை போக வேண்டிய இடம் அதுதான்.

படி 4: அப்டேட் பட்டியலைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

எல்லாரும் புதிய கோட்களில் தொடங்குவார்கள். நான் நீக்கங்களில் தொடங்கச் சொல்வேன். புதிய கோடைத் தவறவிட்டால் ஆடிட்டில் ஒரு மார்க் போகும், சில சமயம் பணம் குறையும். நீக்கப்பட்ட கோடைப் போட்டால் கிளெயிமே திரும்பிவிடும். நீக்கம், அடுத்து திருத்தம், கடைசியில் புதியவை. சிபிடி புத்தகத்தின் பின்னிணைப்பு பி இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தருகிறது. புத்தகத்துக்குள்ளே கருப்பு வட்டம் புதிய கோட், முக்கோணம் திருத்தப்பட்ட கோட்.

திருத்தம்தான் ஆளை ஏமாற்றும். எண் அதே எண். உள்ளே இருக்கும் விளக்கம் மாறியிருக்கும். வீட்டிலிருக்கும் நோயாளியின் ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கருவி மூலம் கண்காணிக்கும் சேவைக்கான 99454-ஐப் பாருங்கள். 30 நாளில் குறைந்தது 16 நாள் அளவீடு வந்தால்தான் பில் செய்யலாம் என்பது பழைய நிலை. 15 நாள் வந்தால் ஒன்றும் கிடையாது. 2026-இல் 2 முதல் 15 நாள் வரைக்கு 99445 என்று தனிக் கோட் வந்துவிட்டது. 99454-இன் விளக்கமும் அதற்கேற்ப மாறியது. மாதத்தில் 20 நிமிடம் தேவைப்பட்ட 99457-க்குத் துணையாக, முதல் 10 நிமிடத்துக்கு 99470 வந்தது. 99454 என்ற எண்ணைப் பார்த்து, "இது நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று தாண்டிப் போனவருக்கு இந்த மாற்றமே கண்ணில் படாது.

நீக்கப்பட்ட கோடுக்கு மாற்று எது என்பதில் பேயருக்கு பேயர் வேறுபாடு உண்டு. போன் வழி ஆலோசனைக்கான 99441 முதல் 99443 வரை 2025-இல் நீக்கப்பட்டன. சிபிடி அதே ஆண்டு 98000 முதல் 98015 வரை டெலிமெடிசின் கோட்களைக் கொண்டுவந்தது. மெடிகேர் இவற்றை ஏற்கவில்லை. வழக்கமான 99202–99215 வரிசையையே போடச் சொன்னது, ஒலி மட்டும் என்றால் கோடோடு ஒட்டும் கூடுதல் குறியான மாடிஃபையர் 93 சேர்த்து. ஆனால் சுருக்கமான செக்-இன் சேவைக்கு ஜி2012-ஐ விட்டுவிட்டு சிபிடியின் 98016-ஐ ஏற்றுக்கொண்டது. இதில் தர்க்கம் தேடாதீர்கள், குறிப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்பெஷாலிட்டிக்குச் சம்பந்தமில்லாததை வெட்டிவிடலாம். தோல் மருத்துவம் கோட் செய்பவர் இதய வால்வு கோட்களை மேய வேண்டியதில்லை. ஆனால் விசிட் கோட்கள், மாடிஃபையர், ஐசிடியின் பொது வழிகாட்டி நெறிகள் எல்லாருக்கும் பொது. வழிகாட்டி நெறிகளின் நான்காம் பகுதி அவுட்பேஷன்டுக்கென்றே எழுதப்பட்டது. சில பக்கங்கள்தான்.

படி 5: ஒரு சார்ட்டை எடுத்துப் பார்ப்போம்

பயிற்சிக்காக நான் உருவாக்கிய சார்ட் இது. 68 வயது மெடிகேர் நோயாளி, டாக்டரின் சொந்த கிளினிக்குக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர். டைப் 2 சர்க்கரை, இலக்கு அளவில் இருக்கிறது, மெட்ஃபார்மின் தொடர்கிறது. ரத்த அழுத்தம் கட்டுக்குள், லிசினோபிரில் அதே டோஸில் புதுப்பிக்கப்பட்டது. இடது தோளில் புதிதாக வலி, "புராபபிள் ரொட்டேட்டர் கஃப் டியர்", எம்ஆர்ஐ எழுதப்பட்டது. வலது முழங்கால் தேய்மானத்துக்கு டிரையாம்சினலோன் 40 மில்லிகிராம் ஊசி, ஒற்றை டோஸ் குப்பி, மிச்சமில்லை.

விசிட்டின் நிலையை முதலில் முடிவு செய்வோம். 2021 முதல் அலுவலக விசிட்டுக்கு வரலாறு, உடல் பரிசோதனை ஆகியவற்றில் புள்ளி எண்ணும் வேலை இல்லை. மருத்துவ முடிவெடுப்பின் சிக்கல் அல்லது அன்றைய மொத்த நேரம், இரண்டில் ஒன்று போதும். முடிவெடுப்பில் மூன்று அம்சங்கள்: பிரச்சினைகள், தரவு, ஆபத்து. மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். இங்கே நிலையான நாள்பட்ட நோய்கள் இரண்டு இருக்கின்றன; பிரச்சினை மிதமான நிலை. மருந்துச் சீட்டை ஆராய்ந்து தொடர்ந்திருக்கிறார், ஆபத்தும் மிதமானது. தரவை எண்ணவே வேண்டாம், 99214 வந்துவிட்டது.

நேரத்தை வைத்துப் போடுவதானால் 99214-க்கு 30 நிமிடம் எட்ட வேண்டும். 2024 முதல் "30–39" என்ற இடைவெளி போய், குறைந்தபட்ச நிமிடம் மட்டும் நிற்கிறது: 99212-க்கு 10, 99213-க்கு 20, 99214-க்கு 30, 99215-க்கு 40. புதிய நோயாளிக்கு 15, 30, 45, 60. ஊசி போட்ட நேரத்தைக் கழிக்க வேண்டும். நர்ஸின் நேரம் கணக்கில் வராது.

மூட்டு ஊசிக்கு 20610, மாடிஃபையர் ஆர்டி (வலது பக்கம்). அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டு, படத்தைப் பதிவு செய்து அறிக்கையும் எழுதியிருந்தால் 20611. அல்ட்ராசவுண்டுக்கென்று தனியாக 76942 சேர்க்கக்கூடாது. விசிட், ஊசி இரண்டும் ஒரே நாளில் என்பதால் 99214-இல் மாடிஃபையர் 25 (விசிட் தனி வேலை என்று சொல்லும் குறி). இங்கே அது நியாயமாகவே நிற்கிறது: சர்க்கரை, அழுத்தம், தோள்வலி ஆகியவை ஊசிக்குச் சம்பந்தமில்லாத தனி வேலை. முழங்காலைப் பார்த்து, ஊசி போடலாம் என்று முடிவு செய்து, போட்டு அனுப்பியது மட்டுமே சார்ட்டில் இருந்தால் 25-க்கு இடமில்லை. ஊசிக் கோடுக்குள்ளேயே அந்த அளவு பரிசோதனை அடக்கம். ஆடிட்டில் அதிகம் அடிபடும் மாடிஃபையர்களில் 25-க்கு முன்வரிசை இடம் உண்டு.

மருந்துக்கு ஜே3301. ஒரு யூனிட் என்பது 10 மில்லிகிராம். ஆகவே 4 யூனிட். ஒரு குப்பிதானே என்று 1 போட்டுவிட்டால் கிளினிக்குக்கு மருந்துக் காசில் முக்கால் பங்கு போச்சு. ஒற்றை டோஸ் குப்பியில் மிச்சமில்லை என்பதைச் சொல்ல மாடிஃபையர் ஜேஇசட்; 2023 ஜூலை 1 முதல் மெடிகேரில் கட்டாயம். கொட்டியது ஏதும் இருந்திருந்தால் அந்த அளவைத் தனி வரியில் ஜேடபிள்யூவோடு காட்ட வேண்டும்.

நோய்க் கோட்களில் கவனிக்க வேண்டிய வலை தோள்தான். "புராபபிள்", "சஸ்பெக்டட்", "ரூல் அவுட்", "கன்சிஸ்டென்ட் வித்" என்ற சொற்களோடு வரும் நோயை அவுட்பேஷன்டில் கோட் செய்யக்கூடாது. அறிகுறியைத்தான் போட வேண்டும். அதனால் தசைநார்க் கிழிசல் இல்லை, இடது தோள்வலி எம்25.512. மருத்துவமனையின் இன்பேஷன்ட் கிளெயிமில் விதி நேர் எதிர். இன்பேஷன்டிலிருந்து மாறி வருபவர்கள் இந்த இடத்தில் முதல் மாதம் முழுக்கத் தடுக்கி விழுவார்கள். இல்லாத நோய் இன்ஷூரன்ஸ் பதிவில் ஏறிவிட்டால், பின்னால் அவதிப்படுவது நோயாளி.

ஆக, 99214-க்கு இ11.9 (சர்க்கரை), ஐ10 (ரத்த அழுத்தம்), எம்25.512, மாத்திரை தொடர்வதற்கு இசட்79.84. ஊசிக்கும் மருந்துக்கும் எம்17.11 (வலது முழங்கால் தேய்மானம்). படிவத்தில் 12 நோய்க் கோட் வரை எழுதலாம்; ஒரு வரிக்கு நான்கு வரைதான் இணைக்கலாம். ஊசி வரியை இ11.9-உடன் இணைத்தால் நோயும் சிகிச்சையும் பொருந்தவில்லை என்று திரும்பும்.

ஜி2211 சேர்க்கலாமா? நோயாளியோடு நீண்டகாலப் பொறுப்புள்ள உறவுக்காக மெடிகேர் 2024-இல் பணம் தரத் தொடங்கிய கூடுதல் கோட் இது. இந்த டாக்டருக்குப் பொருந்தும்தான். ஆனால் விசிட்டில் 25 இருப்பதால் இங்கே பணம் வராது. 2025-இல் ஒரு விலக்கு வந்தது: 25 போடக் காரணம் தடுப்பூசி, ஆண்டு நலப் பரிசோதனை போன்ற தடுப்புச் சேவையாக இருந்தால் ஜி2211-க்குப் பணம் உண்டு. முழங்கால் ஊசி அந்த விலக்கில் வராது.

படி 6: எடிட், பிறகு பேயர்

என்சிசிஐ கோப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு தேதிகள் இருக்கும், தொடக்கமும் நீக்கமும். பக்கத்தில் 0, 1, 9 என்று ஓர் எண். 0 என்றால் எந்த மாடிஃபையராலும் பிரிக்க முடியாது. 1 என்றால் நியாயமான காரணம் சார்ட்டில் இருந்தால் பிரிக்கலாம். 9 என்றால் அந்த எடிட்டே இப்போது இல்லை. 1 என்று கண்டதும், தனிச் சேவை என்று சொல்லும் மாடிஃபையர் 59-ஐப் போட்டுவிடும் பழக்கம் கையோடு ஒட்டிக்கொள்ளும் முன் விட்டுவிடுங்கள். வேறு உறுப்பா, வேறு நேரமா, வேறு டாக்டரா என்று சார்ட்டைக் கேளுங்கள். 2015 முதல் இருக்கும் எக்ஸ்இ, எக்ஸ்பி, எக்ஸ்எஸ், எக்ஸ்யூ மாடிஃபையர்கள் அந்தக் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வந்தவை.

பேயர் விதி வேறுபடும் இடங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நீண்ட விசிட்டுக்கு சிபிடி சொல்லும் 99417, 99215-உடன் 55-ஆவது நிமிடத்தில் தொடங்கும். மெடிகேருக்கு ஜி2212, அது 69-ஆவது நிமிடத்தில். கன்சல்டேஷன் கோட்களுக்கு 2010 முதல் மெடிகேரில் பணமே இல்லை; சில தனியார் பேயர்கள் இன்னும் தருகிறார்கள்.

படி 7: பணக் கோப்பு

கோடர் தொகையைக் கணக்கிட வேண்டியதில்லை, ஆனால் பில்லிங் பக்கம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஃபீ ஷெட்யூலில் ஒவ்வொரு கோடுக்கும் ஆர்வியூ என்ற மதிப்பெண் உண்டு. ஊருக்கேற்ப அதைச் சரிசெய்து, கன்வர்ஷன் ஃபேக்டரால் பெருக்கினால் தொகை. 2025-இல் அது 32.35 டாலர். 2026-இல் இரண்டானது: தகுதிபெற்ற மாற்றுக் கட்டண மாதிரிகளில் இருக்கும் டாக்டர்களுக்கு 33.57, மற்றவர்களுக்கு 33.40.

ஃபெசிலிட்டி பக்கம் அடெண்டம் பி கோப்பில், பணம் எப்படி வரும் என்று சொல்லும் ஸ்டேட்டஸ் இண்டிகேட்டரைப் பாருங்கள். என் (N) என்றால் வேறு சேவையின் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது. தனிப் பணம் இல்லை, ஆனாலும் கோட் போட வேண்டும். ஜே1 என்றால் அன்றைய பெரும்பாலான சேவைகளை ஒரே தொகை விழுங்கிவிடும். இன்பேஷன்டில் மட்டுமே செய்யலாம் என்றிருந்த பட்டியலை 2026 முதல் மூன்றாண்டில் படிப்படியாக நீக்க முடிவாகியிருக்கிறது. எலும்பு, மூட்டு அறுவைசிகிச்சை கோட் செய்பவர்கள் இதை முதலில் உணர்வார்கள்.

படி 8: டினையலைப் படித்து அப்டேட்டைச் சரிபாருங்கள்

அப்டேட் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று சொல்லும் நேர்மையான சாட்சி, எதற்குப் பணம் தந்தார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று பேயரிடமிருந்து வரும் 835 கோப்பு. காரண எண் 181 என்றால் அந்த நாளில் சிகிச்சைக் கோட் செல்லாது. 182 என்றால் மாடிஃபையர் செல்லாது. 146 என்றால் நோய்க் கோட் செல்லாது. அக்டோபர், ஜனவரி தேதிச் சேவைகளில் இந்த மூன்றும் கொத்தாக வந்தால் ஒரு கோடரின் தவறு என்று பார்க்காதீர்கள். கிளினிக்கின் சார்ஜ் பட்டியலிலோ டெம்ப்ளேட்டிலோ பழைய கோட் உட்கார்ந்திருக்கும். 97 வந்தால் எடிட்டைப் பாருங்கள், 11 வந்தால் நோய் இணைப்பை, 50 வந்தால் அந்தப் பகுதியின் மெடிகேர் கிளெயிம்களைக் கையாளும் ஒப்பந்த நிறுவனமான மேக்கின் எல்சிடி என்னும் கவரேஜ் விதியை.

சட்டம் பின்தேதியிட்டு மாறுவதும் உண்டு. மெடிகேர் டெலிஹெல்த் சலுகைகள் 2025 செப்டம்பர் 30-உடன் காலாவதியாகி, நவம்பரில் வந்த சட்டத்தால் விட்ட இடத்திலிருந்தே உயிர்பெற்றன. இடைப்பட்ட வாரங்களின் கிளெயிம்களை அனுப்பாமல் வைத்திருந்தவர்களுக்கு வேலை மிச்சம். டினையலைத் தள்ளுபடி செய்துவிட்டவர்கள் மறுபடி தோண்ட வேண்டியிருந்தது.

திருத்தி அனுப்பும்போது ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். டாக்டர், அவுட்பேஷன்ட் சேவைகளுக்கான மெடிகேர் பார்ட் பி கிளெயிமில் காரண எண் 16-உடன் எம்ஏ130 என்ற குறிப்பு வந்தால் அந்தக் கிளெயிம் பரிசீலனைக்கே எடுக்கப்படவில்லை என்று பொருள். அதற்கு அப்பீல் கிடையாது. சரிசெய்து புதிய கிளெயிமாகவே அனுப்ப வேண்டும். சேவை நாளிலிருந்து ஓராண்டுக் கெடு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனியார் பேயர்கள் பலர் கட்டம் 22-இல் 7 போட்ட திருத்தக் கிளெயிமை ஏற்பார்கள். அவர்களின் கெடு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், சிலரிடம் 90 நாள்தான்.